புருஷ சூக்தம்: 16 மந்திரமா, 18-ஆ, 24-ஆ? எந்தப் பாடத்தை எடுத்துக்கொள்வது?

#1 வினோதினி

வேதத் துதிகளில் ஒன்றான புருஷ சூக்தத்தைப் பாடம் செய்ய நினைப்பவருக்கு மூன்று விதமான பிரதிகள் கிடைக்கின்றன. ஒன்றில் 16 மந்திரங்கள், இன்னொன்றில் 18, பூஜைப் புத்தகங்கள் சிலவற்றில் 24. வரிசையும் ஒத்துப்போவதில்லை. "ஸப்தாஸ்யாஸன் பரிதய:" ஒரு புத்தகத்தில் ஏழாவது, இன்னொன்றில் பதினைந்தாவது. அச்சில் "ஏவேதம் ஸர்வம்", ஒலிப்பதிவில் "ஏவேதக்ம் ஸர்வம்". எது மூலம், எது பிற்சேர்க்கை? தமிழ் எழுத்துப் புத்தகத்தை எதிரே வைத்துக்கொண்டு ஒலிப்பதிவோடு சேர்ந்து சொன்னால் போதுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 சாகைக்காரர்

மூன்றுமே சரிதான், அம்மா. தவறு எங்கே வருகிறதென்றால், மூன்றையும் கலந்து நான்காவதாக ஒன்றை உண்டாக்கும்போது.

ஒரே சூக்தம் பல வேத சாகைகளில், அதாவது வேதத்தை ஓதிக் காத்துவரும் மரபுக் கிளைகளில், இருக்கிறது. ஒவ்வொரு சாகையும் அதைத் தன் எண்ணிக்கையோடும் வரிசையோடும் ஸ்வரத்தோடும் (ஒலியின் ஏற்ற இறக்கத்தோடும்) காப்பாற்றி வந்திருக்கிறது.

ரிக் வேதம், சாகல சாகை: பத்தாம் மண்டலம், 90-ஆம் சூக்தம். 16 ரிக்குகள் (மந்திரங்கள்). ரிஷி நாராயணர்.

கிருஷ்ண யஜுர் வேதம், தைத்திரீய சாகை: தைத்திரீய ஆரண்யகம் என்ற நூலின் மூன்றாம் பிரச்னம் (பெரும் பிரிவு), 12-ஆம் அநுவாகம் (அதன் உட்பிரிவு). 18 மந்திரங்கள். ரிக்கில் உள்ள 16-உடன் "வேதாஹமேதம்", "தாதா புரஸ்தாத்" என்ற இரண்டு கூடுதல். அந்த இரண்டும் கடைசியில் ஒட்டப்படவில்லை. "யஜ்ஞேன யஜ்ஞம்" என்ற நிறைவு மந்திரத்துக்கு முன்னால், 16, 17-ஆவதாக வருகின்றன.

அதே பிரச்னத்தின் 13-ஆம் அநுவாகம் உத்தர நாராயணம். "அத்ப்ய: ஸம்பூத:" என்று தொடங்கும் 6 மந்திரங்கள். 18-உம் 6-உம் சேர்த்து 24 என்று பூஜைப் புத்தகங்கள் அச்சிடுகின்றன. தமிழ்நாட்டில் தைத்திரீய சாகைக்காரர்களே அதிகம் என்பதால் காதில் விழுவது பெரும்பாலும் இந்தப் பாடம்தான்.

சுக்ல யஜுர் வேதம், வாஜஸனேயி ஸம்ஹிதை (மந்திரத் தொகுப்பு) 31-ஆம் அத்தியாயம்: 16-உம் 6-உமாக 22. அதர்வ வேதத்தில் 19-ஆம் காண்டம், 6-ஆம் சூக்தம். சாம வேதத்தில் சில மந்திரங்கள் மட்டும்.

முதல் மந்திரத்திலேயே சாகை வேறுபாடு தெரிந்துவிடும். ரிக்கிலும் தைத்திரீயத்திலும் "ஸ பூமிம் விச்வதோ வ்ருத்வா". வாஜஸனேயியில் "ஸ பூமிம் ஸர்வத ஸ்ப்ருத்வா". உத்தர நாராயணத்தின் முடிவில் தைத்திரீயர் "ஹ்ரீச்ச தே லக்ஷ்மீச்ச பத்ன்யௌ" என்பார்கள், வாஜஸனேயியினர் "ஸ்ரீச்ச தே" என்பார்கள். இதில் அச்சுப்பிழை எதுவும் இல்லை. இந்தச் சாகையை அந்தச் சாகையை வைத்துத் "திருத்தி" வெளியிடும் பதிப்புகள்தான் ஆபத்து.

#3 இளவழுதி

"மூலம் எது" என்ற கேள்விக்கு அது பதிலாகாதே. சாகைகளுக்குள் முன் பின் இல்லையா?

#4 சந்தஸ்

உண்டு. ஆனால் அது ஆராய்ச்சிக் கேள்வி. பாராயணத்தில் அதற்கு வேலை இல்லை. இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ரிக் வேத ஸம்ஹிதையில் 10 மண்டலங்கள், 1028 சூக்தங்கள் (வாலகில்யம் என்ற சேர்க்கைச் சூக்தங்கள் 11 உட்பட). இரண்டு முதல் ஏழு வரை ரிஷி குல மண்டலங்கள்: க்ருத்ஸமதர், விச்வாமித்ரர், வாமதேவர், அத்ரி, பரத்வாஜர், வஸிஷ்டர் என்று வரிசையாக. அவற்றின் அடுக்குமுறை கறாரானது. முதலில் அக்னி சூக்தங்கள், பிறகு இந்திரன், பிறகு மற்றவர்கள். ஒவ்வொரு தேவதைக்குள்ளும் ரிக்குகளின் எண்ணிக்கை இறங்கு வரிசை. இந்த ஒழுங்கை மீறி நிற்கும் சூக்தம் பிறகு உள்ளே வந்தது என்று ஆய்வாளர்கள் பிடித்துவிடுகிறார்கள். ஒன்றும் பத்தும் பிற்காலத் தொகுப்புகள். இரண்டிலும் சரியாக 191 சூக்தங்கள். புருஷ சூக்தம் இருப்பது பத்தில். ரிக், ஸாம, யஜுஸ் என்ற மூன்றின் பெயரையும் அதுவே சொல்கிறது. நான்கு வர்ணங்களும் சேர்ந்து வருவது ரிக் வேதம் முழுவதிலும் இந்த ஓரிடத்தில்தான். மொழிநடையும் பிந்தியது. ஆகவே ரிக் வேதத்துக்குள் இது இளைய சூக்தம் என்பதே பெரும்பான்மைக் கருத்து.

சந்தஸை (யாப்பை) வைத்தும் ஒன்று சொல்லலாம். முதல் 15 ரிக்குகள் அநுஷ்டுப்: எட்டெழுத்துப் பாதம் நான்கு, மொத்தம் 32. கடைசியான "யஜ்ஞேன யஜ்ஞம்" த்ரிஷ்டுப்: பதினோரெழுத்துப் பாதம் நான்கு, மொத்தம் 44. தைத்திரீயத்தில் கூடுதலாக உள்ள "வேதாஹம்", "தாதா" இரண்டும் த்ரிஷ்டுப்பே. அதனால்தான் அவை முன்னாலுள்ள அநுஷ்டுப்புகளுக்கு நடுவே புகாமல் நிறைவு மந்திரத்தை ஒட்டி அமர்ந்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

#5 சாகைக்காரர்

சந்தஸ் சொன்ன "வேதாஹம்" பற்றி ஓர் எச்சரிக்கை. 24-ஐயும் சேர்த்துச் சொல்பவர்கள் தடுக்கி விழும் இடம் அதுதான்.

"வேதாஹமேதம் புருஷம் மஹாந்தம்" இரண்டு முறை வருகிறது. 12-ஆம் அநுவாகத்தில் 16-ஆவது மந்திரம்: "ஆதித்யவர்ணம் தமஸஸ்து பாரே, ஸர்வாணி ரூபாணி விசித்ய தீர:". அடுத்த மந்திரம் முடிவது "நான்ய: பந்தா அயனாய வித்யதே" என்று. உத்தர நாராயணத்தில் இரண்டாவது மந்திரம்: "ஆதித்யவர்ணம் தமஸ: பரஸ்தாத்". அது முடிவது "நான்ய: பந்தா வித்யதேயனாய" என்று.

தொடக்கம் ஒன்றே என்பதால் மனம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிவிடும். முதல் "வேதாஹம்" சொல்லும்போது "தமஸ: பரஸ்தாத்" என்று வாய் போனால், "தாதா புரஸ்தாத்", "யஜ்ஞேன யஜ்ஞம்" இரண்டும் விழுந்து நேரே "ப்ரஜாபதிச்சரதி கர்பே அந்த:" என்று உத்தர நாராயணத்துக்குள் போய்விடுவீர்கள். எதிர்ப்பக்கம் போனால் திரும்பத் திரும்ப வட்டமடிப்பீர்கள். கோஷ்டியில் ஒருவர் தாவினால் பாதிப் பேர் பின்னாலேயே தாவுகிறார்கள்.

இதற்கு மருந்து: "பாரே" வந்தால் "ஸர்வாணி", "பரஸ்தாத்" வந்தால் "தமேவம்" என்று இந்த இரண்டு இணைப்பையும் மட்டும் தனியே எடுத்துப் பத்துப் பத்து முறை சொல்லி உறுதி செய்வது. முழு சூக்தத்தை நூறு முறை சொன்னாலும் இந்த இடம் தானாகச் சரியாகாது.

#6 இளவழுதி

தமிழ் எழுத்துப் புத்தகம் பற்றி நான் சொல்கிறேன். ஒரே தமிழ் எழுத்துக்குரிய வெவ்வேறு வடமொழி ஒலிகளைக் காட்ட க², க³, க⁴ என்று எண் போட்ட பதிப்பாக இருந்தால் ஓரளவு தப்பிக்கலாம். எண் இல்லாத பதிப்பு கற்பதற்கு உதவாது. ஏற்கெனவே தெரிந்தவருக்கு நினைவூட்டத்தான் உதவும்.

எண் போட்டிருந்தாலும் தமிழ்க் காது ஒரு வேலை செய்யும். தமிழில் சொல்லின் நடுவில் தனித்து வரும் க, ட, த, ப தாமாகவே மென்மையாகிவிடும். "அதிகம்", "படம்" சொல்லிப் பாருங்கள். அதே பழக்கத்தில் "அம்ருதத்வஸ்யேசான:" என்பதில் முதல் தகரத்தைத் "தயிர்" தகரமாகச் சொல்லாமல் "அது" என்பதிலுள்ள தகரமாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே வேண்டியது வல்லினம், முதல் எண் தகரம். மாறாக, "பூ⁴மிம்", "பூ⁴தம்" என்பவற்றில் சொல்லின் முதலிலேயே மூச்சோடு கூடிய மென்பகரம் வேண்டும். நாமோ "பூ" என்று மலரைச் சொல்கிறோம். ஆக, நடுவில் வன்மையாக இருக்கவேண்டியது மெலிகிறது, முதலில் மெலியவேண்டியது வலிக்கிறது. இந்த இரண்டு இடத்தை மட்டும் கவனித்தாலே பாதிப் பிழை குறையும்.

ச, ஶ, ஷ, ஸ நான்கையும் "ச" என்ற ஒரே எழுத்தில் அடைக்கும் பதிப்புகளைத் தள்ளிவிடுங்கள். நமக்குச் சாதகமான ஓர் எழுத்தும் உண்டு. ரிக் வேதத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் மென்டகரம் ளகரமாக ஒலிக்கும். "அக்னிமீளே" அப்படி வந்ததுதான். தமிழனுக்கு அதில் சிரமமே இல்லை.

#7 ஸ்வரிதம்

எழுத்தைப் பற்றி இவ்வளவு பேசியாகிவிட்டது. ஸ்வரக் குறியே இல்லாத புத்தகத்தை யாரும் ஏன் குறை சொல்லவில்லை?

தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லி உச்சரிப்பின் அங்கங்களை ஆறாக அடுக்குகிறது: வர்ணம், ஸ்வரம், மாத்திரை, பலம், ஸாமம், ஸந்தானம். எழுத்து, சுருதி, கால அளவு, அழுத்தம், சமநிலை, தொடர்ச்சி. தமிழ் எழுத்துப் பதிப்பு கொடுப்பது முதலாவதை மட்டும், அதுவும் அரைகுறையாக.

குறியைப் படிக்கும் முறை: எழுத்தின் கீழே படுக்கைக் கோடு அநுதாத்தம், தாழ்ந்த ஒலி. மேலே நிற்கும் கோடு ஸ்வரிதம், தென்னாட்டு ஓதுமுறையில் உயர்ந்து ஒலிப்பது. குறியே இல்லாதது உதாத்தமாகவும் இருக்கலாம், ஸ்வரிதத்துக்குப் பின் சமமாக ஓடும் பிரசயமாகவும் இருக்கலாம். ஓதும்போது இரண்டும் நடு ஒலிதான். மேலே இரட்டைக் கோடு போட்டிருந்தால் தீர்க்க ஸ்வரிதம். பெரும்பாலும் நெடில் எழுத்தில் வரும், பிற்பாதியில் உயரும். ஒலிப்பதிவைக் கேட்டுப் பழகுபவர்கள் குறிலிலும் அதே இழுப்பை இழுத்துவிடுகிறார்கள். அப்போது ஸ்வரத்தோடு மாத்திரையும் கெடும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ப்லுதத்துக்கு மூன்று. (ப்லுதம் அபூர்வம். நாஸதீய சூக்தத்தில் "அத: ஸ்விதாஸீ3த் உபரி ஸ்விதாஸீ3த்" என்று 3 என்ற எண்ணோடு அச்சாகியிருப்பது அதுதான். அதை அடிக்குறிப்பு எண் என்று நினைத்து நீக்கிவிட்ட பதிப்புகளும் உலவுகின்றன!)

இப்போது அம்மாவின் கேள்விக்கு நேரடியாகப் பயன்படும் ஓர் எடுத்துக்காட்டு. முதல் வரியையே எடுத்துக்கொள்வோம்.

"ஸஹஸ்ரசீர்ஷா புருஷ:". ஸ தாழ்வு, ஹ நடு, ஸ்ர உயர்வு, சீ நடு, ர்ஷா தாழ்வு, பு நடு, ரு உயர்வு, ஷ: நடு. இதுவரை ரிக்கும் தைத்திரீயமும் ஒன்றே.

அடுத்து "ஸஹஸ்ராக்ஷ:". ரிக் வேதத்தில் "புருஷ:" என்பதற்குப் பின் நிறுத்தம் இல்லை. முன்னாலுள்ள "ரு"வின் ஸ்வரிதத்தைத் தொடர்ந்து ஸ, ஹ இரண்டும் பிரசயமாக நடு ஒலியில் ஓடும். "ஸ்ரா" மட்டும் தாழும். தைத்திரீயத்தில் "புருஷ:" என்றதும் நிறுத்தம் உண்டு. நிறுத்தியதும் ஸ்வரிதத்தின் தொடர்பு அறுந்துவிடுகிறது. எனவே ஸ, ஹ, ஸ்ரா மூன்றும் தாழ்ந்தே ஒலிக்கும், "க்ஷ:" நடுவுக்கு வரும்.

சொல் ஒன்றுதான். நிறுத்தம் மாறியதால் ஸ்வரம் மாறியது. ரிக் அச்சைப் பார்த்துக்கொண்டு தைத்திரீய ஒலிப்பதிவோடு சொன்னால் இரண்டாவது சொல்லிலேயே முரண்பாடு வந்துவிடும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். "மூச்சு முட்டினால் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்" என்ற அறிவுரை எவ்வளவு தவறு என்பதும் தெரியும்.

#8 சந்தஸ்

ஸ்வரிதம் காட்டிய அதே மந்திரத்தில் சந்தி வேறுபாடும் உண்டு. ரிக்கில் "வ்ருத்வாத்யதிஷ்டத்" என்று சேர்ந்துவிடும்; எண்ணினால் 31 எழுத்து. தைத்திரீயத்தில் "வ்ருத்வா" என்று நிறுத்தி "அத்யதிஷ்டத்" என்று தொடங்குவார்கள், 32 நிறைந்துவிடும். ரிக் வேதிகள் சந்தஸுக்காகப் பிரித்து ஓதுவதில்லை. சந்தஸ் கணக்கில் மட்டும் பிரித்து எண்ணிக்கொள்வார்கள்.

காயத்ரியிலும் இதே கதைதான். ரிக் 3-62-10. 24 எழுத்து வேண்டும். "வரேண்யம்" என்றால் 23. ஓர் எழுத்துக் குறைந்தால் நிச்ருத் என்று சந்தஸ் நூல்களே பெயர் வைத்திருக்கின்றன. "வரேணியம்" என்று விரித்தால் கணக்கு நேராகும். எதைச் சொல்வது என்பதை உபதேசித்தவர் முடிவு செய்வார், இணையத்துப் பட்டிமன்றம் அல்ல.

#9 வினோதினி

நிறுத்தத்தால் ஸ்வரம் மாறுவது தெளிவாகப் புரிந்தது. "ஏவேதக்ம்" பற்றி யாரும் சொல்லவில்லையே?

#10 சாகைக்காரர்

தைத்திரீய சாகையில் அநுஸ்வாரத்துக்கு ("ம்" என்ற மூக்கொலிக்கு) பின் ர, ஶ, ஷ, ஸ, ஹ வந்தால் மூக்கொலியோடு ஒரு மென்ககரம் சேர்ந்து "க்³ம்" என்பது போல ஒலிக்கும். "புருஷ ஏவேதக்³ம் ஸர்வம்" அப்படி வந்தது. ருத்ரம் என்ற சிவ துதியில் "தேஷாக்³ம் ஸஹஸ்ரயோஜனே" என்பதும் அதுவே. ரிக் வேதிகள் அதே இடத்தில் வெறும் அநுஸ்வாரம் சொல்வார்கள். தமிழ்ப் புத்தகங்கள் "கும்" என்று அச்சிடுவதால் ஓர் உகரத்தைச் சேர்த்து "ஏவேதகும்" என்று தனிச் சொல் போல ஆக்கிவிடுகிறார்கள். உகரம் முழு மாத்திரை பெறக்கூடாது.

விஸர்கத்திலும் (":" குறிக்கும் மூச்சொலியிலும்) கவனம் தேவை. நிறுத்தத்தில் "நம:" என்பது முன் உயிரின் சாயலோடு "நமஹ" என ஒலிப்பது வழக்கம். நடுவில் அப்படிச் சொல்லக்கூடாது. அடுத்து பகரம் வந்தால் உதட்டு ஒலியாகும்: ருத்ரம் எட்டாம் அநுவாகத்தில் "நம: பார்யாய" என்பது கிட்டத்தட்ட "நமஃப் பார்யாய". அங்கே "நமஹ பார்யாய" என்றால் ஓர் எழுத்தும் ஒரு மாத்திரையும் கூடிவிடும்.

#11 இளவழுதி

எல்லாம் சரி. ஒலியையே இவ்வளவு பேசுகிறோம், பொருள் எங்கே போயிற்று? யாஸ்கரின் நிருக்தம் என்ற வேதச் சொற்பொருள் நூல் "மந்திரங்களுக்குப் பொருளே இல்லை" என்ற கௌத்ஸரின் வாதத்தை எடுத்துவைத்து, "குருடன் காணவில்லை என்றால் அது தூணின் குற்றம் அல்ல" என்று மறுக்கிறது. வேதத்தை ஓதிப் பொருள் அறியாதவனைச் சுமைதாங்கித் தூண் என்றும் அங்கே சொல்லியிருக்கிறது. பாணினீய சிக்ஷை கடைநிலை ஓதுவோர் ஆறு பேரைப் பட்டியலிடுகிறது: பாட்டாக இழுப்பவன், வேகமாகச் சொல்பவன், தலையை ஆட்டுபவன், ஏட்டைப் பார்த்துப் படிப்பவன், பொருள் அறியாதவன், குரல் எடுபடாதவன். ஐந்தாவதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

#12 சாகைக்காரர்

மறக்கவில்லை, ஐயா. ஆனால் சூக்தத்தின் பொருள் ஒன்று, அது கிரியையில் விநியோகமாகும் (பயன்படுத்தப்படும்) விதம் வேறொன்று. இரண்டையும் ஒன்றாக்கினால் சிக்கல்.

பதினாறு உபசாரத்துக்குப் பதினாறு ரிக்கைச் சொல்லும் முறையையே பாருங்கள். பெரும்பாலான பத்ததிகளில் (பூஜை முறை நூல்களில்) முதல் ரிக் ஆவாஹனம், இரண்டாவது ஆஸனம், மூன்றாவது பாத்யம் என்று போய், ஆறாவது ஸ்நானம், பத்தாவது புஷ்பம். பத்தாவது ரிக் என்ன சொல்கிறது? யாகத்திலிருந்து குதிரைகளும் பசுக்களும் ஆடுகளும் தோன்றின என்கிறது. பூவுக்கு இதில் என்ன வேலை? ஒன்றும் இல்லை. எண்ணிக்கை பொருந்தியது, வரிசையாகக் கட்டினார்கள்.

"கணானாம் த்வா" இன்று விநாயகருக்கு. ரிக் 2-23-1-இல் அது ப்ரஹ்மணஸ்பதிக்கு. மந்திரத்துக்குள்ளேயே அந்தப் பெயர் இருக்கிறது. துர்கா சூக்தத்தின் முதல் மந்திரமான "ஜாதவேதஸே ஸுனவாம ஸோமம்" ரிக் வேதத்தில் அக்னி துதி, 1-99. ஒரே ஒரு ரிக் கொண்ட சூக்தம். மஹாநாராயண உபநிஷத்தில் துர்கைக்குரிய தொகுப்பின் தலையில் அதை வைத்தார்கள். இதைத் திரிபு என்று சொல்ல மாட்டேன். ரிக்குகள் பிறந்த இடத்திலேயே நின்றுவிடாமல் சமயம் முழுக்கப் பரவியது இப்படி இடம் மாறி மாறித்தான். ஸாயணர் 14-ஆம் நூற்றாண்டில் பாஷ்யம் எழுதும்போது விநியோகத்தையும் பொருளையும் தனித்தனியாகவே தருகிறார்.

#13 நாச்சியார்தாசன்

இதோடு சேர்த்து ஸ்ரீ சூக்தம். அது ரிக் வேதத்தில் உள்ளது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். சாகல ஸம்ஹிதைக்குள் அது இல்லை; கிலம் என்ற பிற்சேர்க்கைப் பகுதியில், ஐந்தாம் மண்டலத்தை ஒட்டி வருகிறது. எத்தனை மந்திரம் என்பதற்குச் சூக்தத்தின் வாலிலேயே சாட்சி இருக்கிறது: பலசுருதி "ஸூக்தம் பஞ்சதசர்சம்" என்கிறது. 15 ரிக்குகள். "பத்மானனே" தொடங்கி அதற்குப் பின் அச்சாகியிருப்பவை பின்னால் சேர்ந்த துதிகள். சொல்லலாம், ஆனால் எண்ணிக்கையில் சேராது.

கோயில் வழக்கம் பற்றியும் ஒரு வரி. பெருமாள் புறப்பாட்டில் திவ்வியப் பிரபந்த கோஷ்டி முன்னே போகும், வேத பாராயண கோஷ்டி பின்னே வரும். சிவன் கோயிலில் அபிஷேகத்துக்கு ருத்ரம், ஆராதனை முடிவில் ஓதுவார் பாடும் பஞ்சபுராணம். தமிழ்நாட்டில் வடமொழிச் சூக்தம் தனியாக நின்றதில்லை.

#14 கனவழி

"ஒலிப்பதிவு போதுமா" என்ற கேள்வியை ஒட்டி: ஒலிப்பதிவு இல்லாத காலத்தில் பிழையை எப்படிப் பிடித்தார்கள் என்று பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

ஸம்ஹிதா பாடம் சந்தியோடு ஓடுவது. பத பாடம் சொல் சொல்லாகப் பிரித்தது. ரிக்குக்குச் சாகல்யர், தைத்திரீய ஸம்ஹிதைக்கு ஆத்ரேயர். சொற்களுக்கு வரிசையாக எண் கொடுத்தால், க்ரமம் 1-2, 2-3, 3-4. ஜடை 1-2-2-1-1-2. கனம் 1-2-2-1-1-2-3-3-2-1-1-2-3, அதாவது மூன்று சொல்லுக்கு 13 உச்சரிப்பு. ஜடை, மாலை, சிகை, ரேகை, த்வஜம், தண்டம், ரதம், கனம் என்று விக்ருதிகள் (சொற்களை மாற்றி அடுக்கி ஓதும் முறைகள்) எட்டு. தமிழ்நாட்டில் நடைமுறையில் ஓங்கி நிற்பவை ஜடையும் கனமும்.

"அக்னிம் ஈளே புரோஹிதம்" ஜடையில் முதல் அடி: "அக்னிமீள ஈளேக்னிமக்னிமீளே". ஈளே+ஈளே சேரும்போது முதல் ஏகாரம் அகரமாகிறது, "ஈள ஈளே". ஈளே+அக்னிம் சேரும்போது அகரம் மறைகிறது, "ஈளேக்னிம்". ஸ்வரமும் கூடவே நகரும். பத பாடத்தில் "ஈளே" முழுக்க அநுதாத்தம். ஸம்ஹிதையில் "அக்னிம்" என்பதன் உதாத்தத்துக்கு அடுத்து நிற்பதால் அதன் ஈகாரம் ஸ்வரிதமாகிறது. சந்தி விதியும் ஸ்வர விதியும் உள்ளே இறங்காதவர் முன்னும் பின்னுமாகப் போகும்போது ஓரிடத்திலாவது மாட்டிக்கொள்வார். ஒரு சொல் விழுந்தாலும் சங்கிலி அறுந்து உடனே தெரிந்துவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று: தைத்திரீயத்தில் பத பாடம் ஸம்ஹிதைக்குத்தான். புருஷ சூக்தம் ஆரண்யகத்தில் இருப்பதால் அதற்கு மரபான பத பாடமோ கனமோ கிடையாது. ரிக் வேத வடிவத்துக்கு உண்டு. ஆகவே தைத்திரீய புருஷ சூக்தத்தில் பிழை திருத்த ஒரே காவல் உடன் ஓதுபவரின் காதுதான். ஒலிப்பதிவு ஒலியைத் தரும். நீங்கள் தவறும்போது நிறுத்தாது.

#15 ஸ்வரிதம்

ஸம்ஹிதையில் எண்ணிக்கைக் காவலும் உண்டு. தைத்திரீய ஸம்ஹிதை 7 காண்டம், 44 பிரச்னம், 651 அநுவாகம், 2198 பஞ்சாதி. ஐம்பது பதம் ஒரு பஞ்சாதி. அநுவாக முடிவில் ஒவ்வொரு பஞ்சாதியும் எந்தச் சொல்லில் முடிந்தது, கடைசியில் மிஞ்சிய பதம் எத்தனை என்று ஒரு வாக்கியமாகவே சொல்லிவிடுவார்கள். குறுந்தொகை 156-இல் "எழுதாக் கற்பின் நின் சொல்" என்று பார்ப்பன மகனைப் பார்த்துக் கேட்கும் குரல் இந்தக் கல்வியைத்தான் சுட்டுகிறது. எழுதாமலே இவ்வளவு கணக்கு வைத்திருந்தார்கள்.

#16 வட்டப்பாறை

இழைக்குச் சற்று வெளியே: ருத்ரத்துக்கும் 11, 121 என்று கணக்குச் சொல்கிறார்களே?

#17 சாகைக்காரர்

ருத்ரம் தைத்திரீய ஸம்ஹிதை 4-5, 11 அநுவாகம். அதனுடன் சேர்த்து ஓதும் சமகம் 4-7, அதுவும் 11. ஏகாதச ருத்ரத்தில் ஒவ்வொரு ருத்ரத்துக்கும் பின் சமகத்தின் ஓர் அநுவாகம் மட்டும். 11 முறை முடியும்போது சமகம் ஒரு முறை முடிந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் முழுச் சமகம் சொல்வது இந்தக் கணக்கில் சேராது. 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121, பிறகு 1331 மஹாருத்ரம், 14641 அதிருத்ரம். 121 பேர் சேர்ந்து 11 முறை சொன்னால் மஹாருத்ரம். அதையே 11 நாள் செய்தால் அதிருத்ரம்.

பதினோராம் அநுவாகத்துக்குப் பின் வரும் "த்ர்யம்பகம்", "யோ ருத்ரோ அக்னௌ", "தமு ஷ்டுஹி" எல்லாம் வேறு இடங்களிலிருந்து எடுத்துச் சேர்த்தவை. "த்ர்யம்பகம்" ஸம்ஹிதை 1-8-6, ரிக்கில் 7-59-12.

#18 வட்டப்பாறை

நன்றி. பெண்கள் இதைச் சொல்லலாமா கூடாதா என்ற கேள்வியை யாரும் தொடவில்லையே?

#19 சந்தஸ்

தொட்டால் இழை அங்கேயே நின்றுவிடும் என்ற பயம்தான். சுருக்கமாக: தர்மசாஸ்திர வழி, உபநயனத்தை அத்யயனத்துக்கு (வேதம் கற்பதற்கு) நிபந்தனையாக வைக்கிறது, பாரம்பரியப் பாடசாலைகள் அதன்படி நடக்கின்றன. மறுபக்கம், ரிக் வேதமே கோஷா (10-39, 40), அபாலா (8-91), விச்வவாரா (5-28), வாக் ஆம்ப்ருணீ (10-125) ஆகியோரை மந்திர ரிஷிகளாகக் காட்டுகிறது. ஸ்வரத்தோடு பெண்களுக்குக் கற்றுத்தரும் ஆசிரியர்களும் இன்று இருக்கிறார்கள். இரண்டும் உண்மை. மேற்கொண்டு வாதாட வேறு இழை தொடங்குங்கள்.

#20 வினோதினி

அப்படியானால் கடைசியாக: தைத்திரீய பாடம், 18 மந்திரம் என்று வைத்துக்கொள்வோம். எங்கே தொடங்குவது?

#21 ஸ்வரிதம்

ஸ்வரக் குறியுள்ள தேவநாகரி அல்லது கிரந்தப் பதிப்பு ஒன்று. இரண்டு எழுத்தும் தெரியாவிட்டால், எண்ணும் ஸ்வரக் கோடும் இரண்டுமே போட்ட தமிழ்ப் பதிப்பு. அதே சாகையில் ஓதும் ஆசிரியர் ஒருவர்; நேரில் முடியாவிட்டால் காணொளி அழைப்பிலாவது. அதே பதிப்பைத்தான் அவரும் ஒத்துக்கொள்கிறாரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

முறை, சந்தைதான். அவர் ஒரு முறை சொல்வார், நீங்கள் இரண்டு முறை. முதலில் ஒன்றிரண்டு சொல், பிறகு கால் மந்திரம், பிறகு அரை, பிறகு முழுதும். ஒரு வகுப்பில் இரண்டு மந்திரத்துக்கு மேல் போக வேண்டாம். மறு வகுப்பில் பழையதைத் தனியாகச் சொல்லிக் காட்டிய பிறகே புதியது. சேர்ந்து சொல்லும்போது அவர் குரலில் உங்கள் பிழை மறைந்துவிடும், அதனால் தனியாகச் சொல்வது கட்டாயம்.

"தச்சம்யோராவ்ருணீமஹே" சாந்தி முன்னும் பின்னும் உண்டு. அது அந்தப் பிரச்னத்தின் சாந்தி, 18-இல் சேராது. அதை முதலில் பாடம் செய்யுங்கள். ஸ்வரம் பிடிபட அதுவே நல்ல பயிற்சி.

#22 சாகைக்காரர்

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 7-ஆவது "ஸப்தாஸ்யாஸன்", 8-ஆவது "தம் யஜ்ஞம்" என்ற வரிசையை முதலிலேயே உறுதி செய்யுங்கள். ரிக் வரிசையில் ஒரு முறை பாடமாகிவிட்டால் ஆறாவது "யத் புருஷேண" முடிந்ததும் வாய் நேரே "தம் யஜ்ஞம்" என்றுதான் போகும். அதை மாற்றுவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம். 18-உம் நிலைத்த பிறகு உத்தர நாராயணத்தைத் தொடங்குங்கள். அதில் இரண்டாவது மந்திரத்துக்கு வந்ததும் #5-ஐ ஒரு தடவை திருப்பிப் படியுங்கள்.